கோலுக்கு எட்டாத உயரம்: டெல்லி ஐஐடி வகுப்பொன்றில் தொடங்கிய ஸ்மார்ட்கேன்

இரும்புக் கம்பி ஏற்றிய மினி லாரி ஒன்று ஹார்டுவேர் கடை வாசலில் நிற்கிறது. தட்டைத் தாண்டி நாலைந்து அடிக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளின் நுனியில் ஓட்டுநர் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருக்கிறார்; அத்துடன் தம் கடமை முடிந்தது என்பது அவர் கணக்கு. வெண்கோலைத் தரையில் இடமும் வலமுமாகத் தட்டியபடி அதே ஓரமாக வரும் பார்வையற்றவருக்கு அந்தத் துணியால் ஒரு பயனும் இல்லை. கோலின் நுனி கம்பிகளுக்குக் கீழே தடையின்றிச் சென்று, பாதை திறந்திருக்கிறது என்று கைக்குச் சொல்லும். அடுத்த அடியில் கம்பி நெஞ்சிலோ முகத்திலோ இடிக்கும். தாழ்ந்த மரக்கிளை, வெளிப்புறமாகத் திறந்த ஜன்னல் கதவு, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் ஏசி பெட்டி, நிறுத்திவைத்த லாரியின் பின்தட்டு ஆகியவையும் இதே வகைத் தடைகள்தாம். முழங்காலுக்குக் கீழே இருப்பதை வெண்கோல் மிக நன்றாகச் சொல்லும். அதற்கு மேலே இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் குறையை முன்வைத்து டெல்லி ஐஐடியில் 2005 வாக்கில் இளநிலை மாணவர்களின் பாடத்திட்டப் பணியாகத் தொடங்கிய ஒரு முயற்சி, 2014-இல் ஸ்மார்ட்கேன் என்ற பெயரில், ஏறத்தாழ 3,000 ரூபாய் விலையில் விற்பனைக்கு வந்தது. மாணவர்கள் செய்த கருவி கண்காட்சி மேசையைத் தாண்டி வாங்குவோர் கைக்குப் போவது நம் நாட்டில் அரிது. பயன்படுத்துவோரே உடனிருந்து திருத்தித் திருத்தி உருவாக்கிய கருவி அப்படிப் போவது அதனினும் அரிது. எனவே இந்த ஆய்வு, கருவியின் மின்னணுச் சுற்றைக் காட்டிலும், அது பிறந்த வகுப்பறை எவ்வாறு அமைந்திருந்தது என்பதையே அதிகம் பார்க்கிறது. மாணவர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்க, பயனர் தரப்பு மாறாமல் நிலைத்திருந்தது. கற்பித்தலைச் சாத்தியமாக்கியது அதுவே என்பது இதைத் தொடர்ந்து கவனித்ததில் நான் வந்து சேர்ந்த முடிவு.

கேள்வி யாருடையது

கணினி அறிவியல் துறைப் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனிடம் எம்பெடட் சிஸ்டம் (கருவிகளுக்குள் பதித்து இயக்கும் சிறு கணினி) தொடர்பான பாடம் பயின்ற இளநிலை மாணவர்கள், ஒரு செமஸ்டருக்குள் ஏதேனும் ஒரு கருவியைச் செய்து ஓட்டிக்காட்ட வேண்டும். இத்தகைய பாடங்களில் வழக்கமாக நடப்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே: மாணவர் கையில் முதலில் ஒரு சென்சார் இருக்கும், பிறகு அதற்கு ஏற்ற பிரச்சினை ஒன்று தேடப்படும். பொறியியல் கல்லூரிக் கண்காட்சிகளில் காலணிக்குள்ளும் கண்ணாடிச் சட்டத்திலும் இடுப்புப் பட்டையிலும், காதுக்குக் கேட்காத ஒலியால் தொலைவை அளக்கும் மீயொலி சென்சார் பொருத்திய ‘பார்வையற்றோருக்கான கருவி’ ஆண்டு தவறாமல் இடம்பெறுவது இப்படித்தான். அவற்றைச் செய்தவர்களில் பலர் பார்வையற்ற ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருக்க மாட்டார்கள் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் மிகையாகாது.

டெல்லியில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. சக்ஷம் டிரஸ்ட் என்ற அமைப்பை நடத்தும் தீபேந்திர மனோச்சா தாமே பார்வையற்றவர். பார்வையற்றோர் படிக்கக்கூடிய மின்னூல்களை இந்தியாவில் பரப்பியவர்களில் ஒருவர். தொழில்நுட்பம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அன்றாடம் சோதித்துப் பார்க்கும் மனிதரான அவர், மாணவர்கள் முன் வைத்த தேவைகளில் இரண்டு மிகத் தெளிவானவை. ஒன்று, முழங்காலுக்கு மேல் உள்ள தடைகள். மற்றொன்று, நிறுத்தத்தில் வந்து நிற்கும் பேருந்து எந்த எண்ணுடையது என்று பிறரைக் கேட்காமல் அறிவது. ‘பார்வையற்றோர் நடமாட உதவும் கருவி’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் மாணவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள். ‘கோல் தொடும் பகுதியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கோலுக்கு எட்டாத பகுதிதான் எங்கள் சிக்கல்’ என்ற வரையறை, கேள்வியிலேயே பாதி விடையைக் கொண்டிருந்தது.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கோலை நீக்கிவிட்டு வேறொன்றைக் கொடுப்பது இங்குத் தேவைப்படவே இல்லை. வெண்கோல் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவதுபோல் வெறும் குச்சி இல்லை. தோள் அகலத்துக்கு வளைவாக வீசி, இடக்கால் முன்வரும்போது நுனி வலப்பக்கமும் வலக்கால் முன்வரும்போது இடப்பக்கமும் தரையைத் தொடுமாறு நடக்கையில், கால் வைக்கப்போகும் இடத்தை அது ஓரடி முன்னதாகவே தொட்டுப் பார்த்துவிடுகிறது. சிமெண்ட், மண், கல், மூடப்படாத சாக்கடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஓசையும் அதிர்வும் உண்டு. மின்கலம் வேண்டாம், பழுது அரிது, விலை சில நூறு ரூபாய். எதிரே வருபவர்களுக்கும் வாகன ஓட்டிகளுக்கும் ‘இவருக்கு வழிவிடுங்கள்’ என்று அறிவிப்பதும் அதுவே. இத்தனை வேலை செய்யும் பொருளைப் பிடுங்கிவிட்டு இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டச் சொல்வது, பார்வையுள்ளவர் மட்டுமே நினைக்கக்கூடிய யோசனை. ஸ்மார்ட்கேன், மடக்குக் கோலின் மேற்பகுதியில் மாட்டிக் கழற்றக்கூடிய ஒரு கைப்பிடியாக வந்ததற்குக் காரணம் இதுதான். மின்கலம் தீர்ந்தாலும் கோல் கோலாகவே இருக்கும்.

கைப்பிடிக்குள் இருக்கும் முடிவுகள்

கருவியின் இயக்கம் எளிது. கைப்பிடியிலிருந்து காதுக்குக் கேட்காத மீயொலி முன்னும் மேலுமாகச் செல்கிறது. ஏதேனும் ஒன்றில் பட்டுத் திரும்பும் ஒலி வந்து சேர எடுக்கும் நேரத்திலிருந்து தொலைவு கணக்கிடப்படுகிறது. 3 மீட்டருக்கு அப்பால் உள்ள பொருளுக்குப் போய்த் திரும்ப மொத்தம் 6 மீட்டர். காற்றில் ஒலியின் வேகத்துக்கு அது ஏறத்தாழ 17 மில்லி நொடி. நடப்பவரோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகர்கிறார். ஆக, நிற்கவோ விலகவோ அவருக்கு மூன்று நொடி கிடைக்கிறது. இதை ஒரு நல்ல இரண்டாமாண்டு மாணவர் ஒரு வாரத்தில் செய்துவிடுவார். அந்த மூன்று நொடிச் செய்தியை எப்படிச் சொல்வது என்பதில்தான் ஆண்டுகள் கழிந்தன.

ஒலியாகச் சொன்னால் என்ன என்பதே பார்வையுள்ளவருக்கு முதலில் தோன்றும். பார்வையற்றவருக்குச் சாலையைப் படிப்பதே காதுதான்: பின்னால் வரும் ஆட்டோ, திரும்பப்போகும் பேருந்து, வலப்பக்கச் சுவர் முடிந்து சந்து தொடங்கும் இடத்தில் ஓசை திறந்துகொள்வது ஆகிய அனைத்தும் காதில்தான் வருகின்றன. அங்கே ‘பீப் பீப்’ என்று ஒலிக்கவிடுவது, வண்டி ஓட்டுபவரின் முன்கண்ணாடியில் சுவரொட்டி ஒட்டுவதற்குச் சமம். அதனால் செய்தி அதிர்வாகக் கைக்குச் சென்றது. பொருள் நெருங்க நெருங்க அதிர்வின் கதி மாறுமாறு அமைக்கப்பட்டது.

தொலைவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அடுத்த சிக்கல். அதிகத் தொலைவு கண்டறிவதே சிறந்த கருவி என்று மாணவர் நினைப்பது இயல்பு. சென்சார் விற்பவரும் அப்படித்தான் விளம்பரம் செய்வார். ஆனால் பத்துக்குப் பத்து அறையின் அகலமே 3 மீட்டர்தான். அங்கே 3 மீட்டர் எட்டும் கருவி ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும், ஓயாமல் அதிர்வது எதையுமே சொல்லாது. அதனால் வெளியிடத்துக்கு 3 மீட்டர், உள்ளிடத்துக்கு 1.8 மீட்டர் என இரண்டு நிலைகள் வந்தன. ஆய்வகத்தில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்றில்லை. ஆனால் வீடு, அலுவலகம், தெரு என்று ஒரு நாள் முழுதும் அதைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் அது எரிச்சலாகவும், எரிச்சலின் விளைவாக அணைத்துவைக்க வேண்டிய பொருளாகவும் மாறும்.

பிடிக்கும் விதம் பற்றி ஒரு சொல். கோலைப் பிடிக்க நடமாட்டப் பயிற்சியில் கற்றுத்தரும் முறை ஒன்று உண்டு. சுட்டுவிரலைக் கைப்பிடியின் வழியே கீழ்நோக்கி நீட்டிப் பிடிப்பது. நம் நாட்டில் முறையான பயிற்சி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. பேனா பிடிப்பதுபோல் பிடிப்பவரும் உண்டு, முஷ்டியால் இறுகப் பற்றுபவரும் உண்டு, கூட்டத்தில் ஒருவிதமாகவும் வெட்டவெளியில் வேறுவிதமாகவும் பிடிப்பவரும் உண்டு. ‘சரியான’ பிடிக்கு மட்டும் அதிர்வு தெரியும் கைப்பிடி, பாடநூலுக்கு மட்டும் பயன்படும். பல விதமான பிடிகளுக்கும் ஏற்றதாகக் கைப்பிடி வடிவமைக்கப்பட்டதில், இயந்திரப் பொறியியல் துறையைச் சேர்ந்த பி.வி.எம். ராவ் போன்றோரின் பங்கு முக்கியமானது. கணினித் துறையில் தொடங்கிய ஒன்று வடிவமைப்பு, இயந்திரவியல் மாணவர்களையும் உள்ளே இழுத்தது இந்த இடத்தில்தான்.

பதினெட்டு செமஸ்டர்

2005 முதல் 2014 வரை ஒன்பது ஆண்டுகள், அதாவது பதினெட்டு செமஸ்டர்கள். ஓர் இளநிலை மாணவர் நிறுவனத்தில் இருப்பது எட்டு செமஸ்டர். தொடக்கத்தில் பணியாற்றியவர்களில் ரோஹன் பால் போன்ற ஒருசிலர் பட்டம் பெற்ற பிறகும் தொடர்ந்தார்கள். அவர் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் முடித்து, டெல்லி ஐஐடிக்கே ஆசிரியராகத் திரும்பினார். பெரும்பாலோருக்கு அது ஒரு பாடம். மதிப்பெண் வந்தது, வேலை கிடைத்தது, போய்விட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில் நேரும். ஒவ்வொரு ஆண்டும் புதிய மாணவர்கள் வரும்போது, சென்ற ஆண்டு மாணவர்களிடம் பயனர் சொன்னவை எல்லாம் அவர்களுடனேயே வெளியேறிவிடுகின்றன. புதியவர்கள் அதே கேள்விகளுடன் அதே பயனரிடம் போகிறார்கள்: “உங்களுக்கு என்ன கஷ்டம், சொல்லுங்க சார்.” மூன்றாம் முறை இக்கேள்வியைக் கேட்கும் மனிதர் மரியாதைக்காக விடை சொல்வார், நான்காம் முறை தொலைபேசியை எடுக்க மாட்டார். பல கல்லூரிகளில் இப்பணிகள் நின்றுபோவதற்குப் பணப்பற்றாக்குறை என்று காரணம் சொல்லப்பட்டாலும், உண்மைக் காரணம் பெரும்பாலும் இதுவே.

டெல்லியில் அஸிஸ்டெக் என்ற பெயரில் ஓர் ஆய்வுக்குழு நிலையாக உருவானதும், சக்ஷம் அமைப்பு பங்காளியாகவே தொடர்ந்ததும் இந்த மறதிக்கு மருந்தாயின. பழைய மாதிரி ஏன் கைவிடப்பட்டது என்று புதிய மாணவர் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதை எழுதிவைத்த கோப்பு ஒருபுறம் இருக்க, அதைக் கையில் பிடித்து நடந்து பார்த்து ‘வேண்டாம்’ என்று சொன்ன தரப்பே எதிரில் இருந்தது. நினைவைக் காத்தது பயனர் தரப்பு. வகுப்பறையில் மூத்தவர் அவர்கள், மாணவர்களே வந்துபோகும் விருந்தினர்.

இதே வேலையை வேறு விதமாகச் செய்து பார்த்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் சேத் டெல்லர் 2011-இல் தொடங்கிய உதவித் தொழில்நுட்பப் பாடத்தில், சிறு சிறு மாணவர் குழுக்கள் அந்தப் பகுதியில் வாழும் மாற்றுத்திறனாளி ஒருவருடன் ஒரு பருவம் முழுதும் இணைந்து, அவர் ஒருவருக்குத் தேவையான பொருளைச் செய்தன. டெல்லர் 2014-இல் இறந்த பிறகும் பாடம் தொடர்ந்தது. ஒரே மனிதரின் கை, ஒரே மனிதரின் நாற்காலி, ஒரே மனிதரின் சமையலறை என்று ஆழமாகப் பார்ப்பதால் மாணவர் மிக நன்றாகக் கற்கிறார். ஆனால் பருவம் முடிந்தபின் அந்தப் பொருளின் திருகு கழன்றால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி அந்த ஒரு மனிதரிடமே மிஞ்சுகிறது. தனிமனிதரோடு இணைவதா, அமைப்போடு இணைவதா என்றால், கற்பதற்கு முன்னதும் பொருள் நிலைப்பதற்குப் பின்னதும் ஏற்றது என்றே சொல்வேன்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது

வடிவமைப்பு வகுப்புகளில் மாணவர் கண்ணைத் துணியால் கட்டி, கையில் ஒரு கோலைக் கொடுத்து வராந்தாவில் நடக்கவிடும் பயிற்சி பரவலாக இருக்கிறது. பரிவு வளரும் என்பது அதன் நோக்கம். ஏரியல் சில்வர்மேன், தாமே பார்வையற்ற உளவியலாளர், தம் சக ஆய்வாளர்களுடன் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிரான ஒன்றைக் காட்டியது: கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், கட்டாதவர்களைவிட, பார்வையற்றோரை வேலைக்கும் தனித்து வாழ்வதற்கும் திறன் குறைந்தவர்களாக மதிப்பிட்டார்கள். இதில் வியப்பில்லை. கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடத்தில் மாணவர் அனுபவிப்பது, பார்வை இழந்த முதல் பத்து நிமிடத்தை மட்டுமே. இருபது ஆண்டுகளாகக் கோலுடன் அலுவலகம் போய்வரும் ஒருவரின் திறமை அந்தத் துணிக்குள் இல்லை. பயந்துபோய்த் துணியை அவிழ்க்கும் மாணவர் பயத்துக்குத்தான் கருவி செய்வார். கோலை நீக்கும் யோசனைகள் பல அங்கிருந்தே பிறக்கின்றன என்பது என் ஊகம்.

பயனரை விட்டுவிட்டுச் செய்தால் என்ன நேரும் என்பதற்கு 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் செய்த கையுறை ஒரு பாடம். சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் என்று சொல்லப்பட்ட அந்தக் கையுறைக்கு லெமல்சன்-எம்ஐடி மாணவர் பரிசாக 10,000 டாலர் கிடைத்தது, உலகெங்கும் செய்தியானது. அதே பல்கலைக்கழகத்தின் சைகை மொழி ஆசிரியர்களும் மொழியியலாளர்களும் அதை மறுத்து எழுதினார்கள். சைகை மொழியின் இலக்கணத்தில் பெரும்பகுதி முகத்திலும் புருவத்திலும் உடலின் சாய்விலும் இருக்கிறது. கையுறைக்கு முகம் தெரியாது. அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கையுறை யாருடைய சிரமத்தைத் தீர்க்கிறது என்பது. காதுகேளாதவர் அதை மாட்டிக்கொண்டு திரிய வேண்டும், பயன் பெறுபவரோ சைகை கற்க விரும்பாத மற்றவர். இத்தகைய பொருள்களுக்கு லிஸ் ஜாக்சன் என்ற மாற்றுத்திறனாளி வடிவமைப்பாளர் ‘டிசெபிலிட்டி டாங்கிள்’ என்று பெயரிட்டார். அந்த மாணவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஒரே வளாகத்துக்குள் இருந்த காதுகேளாத ஆசிரியர்களிடம் அவர்களைத் தொடக்கத்திலேயே அனுப்பாத கற்பித்தல் முறைதான் கேள்விக்குரியது.

ஆசிரியருக்கே விடை தெரியாத வகுப்பு

டெல்லிக் குழுவின் பிற்காலப் பணிகளில் எனக்கு மிகவும் பாடமாகத் தோன்றுவது தொடு வரைபடங்கள். பாடநூல்களில் உள்ள படங்களைப் பார்வையற்ற மாணவர்கள் விரலால் படிக்குமாறு மேடான கோடுகளாக மாற்றும் வேலை அது. முப்பரிமாண அச்சில் அச்சு வார்ப்பைச் செய்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி உறிஞ்சிப் படியவைத்தால் ஒரு பக்கம் தயார். ஒரே வார்ப்பிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். ரெய்ஸ்டு லைன்ஸ் என்ற அமைப்பு இதிலிருந்தே கிளைத்தது.

இப்பணியில் இறங்கும் பார்வையுள்ள மாணவர் செய்யும் முதல் தவறு அனேகமாக ஒன்றேதான். அச்சில் உள்ள படத்தை அப்படியே மேடாக்கிவிடுவார். கனசதுரத்தின் படத்தை எடுத்துக்கொள்வோம். தாளில் வரையும்போது நமக்குத் தெரியும் ஒன்பது விளிம்புகளை ஒன்பது கோடுகளாகப் போடுகிறோம், கண் அவற்றைப் பெட்டியாகப் பார்க்கிறது. விரலுக்கு அது ஒன்பது கோடுகள், சாய்ந்த இரண்டு நாற்கரங்கள், அவ்வளவுதான். தூரத்தில் உள்ளது சிறுத்துத் தெரியும் என்பது கண்ணின் அனுபவம், கையின் அனுபவம் இல்லை. இரண்டு கோடுகளுக்கிடையே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் அவை விரலுக்கு ஒன்றாகிவிடும். பெயர்க்குறிப்புகளைப் படத்துக்குள் திணித்தால் பிரெய்லி எந்தப் புள்ளி, படம் எந்தப் புள்ளி என்று குழம்பும். பூவின் குறுக்குவெட்டிலிருந்து எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்று முடிவெடுப்பதற்கு உயிரியலும் தெரிந்திருக்க வேண்டும், விரலும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே வகுப்பின் அதிகார வரிசை குலைகிறது. பார்வையுள்ள ஆசிரியர் அந்தத் தாளைத் தடவிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லலாம். அவர் கண்ணால் முன்பே பார்த்துவிட்டதால் அவர் விரல் பொய் சொல்கிறது. விடை தெரிந்தவர் மேசைக்கு எதிர்ப்புறம் இருக்கும் பார்வையற்ற படிப்பாளர் மட்டுமே. அவர் விரல் ஓரிடத்தில் நின்று, திரும்பி, மீண்டும் அங்கேயே வந்தால் அங்கே ஒரு கோடு அதிகம் என்று பொருள். அதைச் சொல்ல அவருக்கு மரியாதை தடையாக இருந்தால், கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவருக்காவது அது தெரிய வேண்டும். பயனருடன் இணைந்து வடிவமைத்தல் என்பதைக் கருத்துப்படிவம் நிரப்பி வாங்குவதாக நினைக்கும் மாணவருக்கு இதைக் கற்பிக்க வேறு வழியில்லை.

மனோச்சா முன்வைத்த இரண்டாவது தேவையான பேருந்து எண், வேறு வகையான பாடத்தைத் தந்தது. ஆன்போர்டு என்ற அந்தக் கருவியில் நிறுத்தத்தில் இருப்பவர் கையடக்கப் பெட்டியின் பொத்தானை அழுத்தினால், அருகிலுள்ள பேருந்துகளின் எண்கள் வானலை வழியாக வந்து ஒலிக்கும். தமக்கு வேண்டியதைத் தேர்ந்தால், அந்தப் பேருந்தின் வாசல் அருகே உள்ள ஒலிபெருக்கி குரல் கொடுக்கும், அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடக்கலாம். எண்ணை மட்டும் சொன்னால் போதாது, வாசல் எங்கே என்பதும் வேண்டும் என்ற இந்த இரண்டாம் பாதியை நிறுத்தத்தில் நின்று தவித்தவரே யோசிக்க முடியும். டெல்லியிலும் மும்பையின் பெஸ்ட் பேருந்துகளிலும் சோதனை நடந்தது. ஆனால் கோலை ஒருவர் தாமே வாங்கிக்கொள்ளலாம், பேருந்துக் கருவி பயன்பட வேண்டுமானால் ஒவ்வொரு பேருந்திலும் அது இருக்க வேண்டும். அங்கே முடிவெடுப்பவர் பயனரும் இல்லை, வடிவமைப்பாளரும் இல்லை, போக்குவரத்துக் கழகம். மாணவர் வேலையின் தரத்துக்கும் அது பரவும் வேகத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும் இடம் இது. பணியைத் தொடங்கும் முதல் வாரத்திலேயே ‘இதற்குச் சரி என்று சொல்ல வேண்டியவர் யார்’ என்ற கேள்வியை மாணவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

சென்னையில் செய்த கைப்பிடி

மாணவரின் மாதிரிக்கும் விற்பனைப் பொருளுக்கும் இடையே உள்ள பள்ளத்தை ஸ்மார்ட்கேன் தாண்டியது சென்னையின் துணையோடு. பச்சிளங் குழந்தைகளுக்கான இன்குபேட்டர்கள் முதலான மருத்துவக் கருவிகளைச் செய்துவரும் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் இதன் உற்பத்தியை ஏற்றது. மருத்துவ ஆய்வுகளுக்கு உதவும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் நிதி கொடுத்தது. மேலைநாடுகளில் இதே வேலையைச் செய்யும் மீயொலிக் கோல்களின் விலை பல நூறு பவுண்டு. கழற்றி மாட்டும் கைப்பிடியாக மட்டும் செய்ததும், உள்நாட்டில் செய்ததும் விலையை 3,000 ரூபாய்க்குக் கொண்டுவர உதவின. இதே சேர்க்கை சென்னை ஐஐடியிலும் பின்னர்ப் பலன் தந்தது: சுஜாதா சீனிவாசனின் ஆய்வகத்தில் உருவாகி 2019-இல் வெளியான ‘அரைஸ்’ என்ற நிமிர்ந்து நிற்கும் சக்கர நாற்காலியைச் செய்ததும் பீனிக்ஸ்தான், நிதி தந்தவர்களில் வெல்கமும் உண்டு. மின்மோட்டார் இன்றி, அமர்ந்திருப்பவர் தம் முயற்சியாலேயே எழுந்து நிற்கும்படி அந்த நாற்காலி அமைந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்மார்ட்கேன் மேல்நோக்கிப் பார்க்கும் கருவி. திறந்த குழியைக் கண்டுபிடிப்பது இன்றும் கோலின் நுனியே. மீயொலி, மெல்லிய பொருள்களிலிருந்தும் கூரிய நுனிகளிலிருந்தும் வலுவாகத் திரும்புவதில்லை. தொடக்கத்தில் சொன்ன லாரிக் கம்பி, நேர்முகமாக நீட்டிக்கொண்டிருந்தால், மீயொலிக் கருவி எதற்கும் கடினமான தேர்வுதான். அதிர்வின் மொழி பழகச் சில நாள் ஆகும். தாமே கேட்டுப் பழக ஒலிவடிவக் கையேடு செய்யப்பட்டதே நடமாட்டப் பயிற்றுநர்கள் போதிய அளவில் இல்லாததன் அடையாளம்.

தமிழ்நாட்டில் இத்தகைய பாடத்தைத் தொடங்க எண்ணும் துறைகளுக்கு இந்நிகழ்விலிருந்து நான் எடுத்துச் சொல்ல விரும்புவன சிலவே. பாடத்தை அறிவிப்பதற்கு முன்பே, பார்வையற்றோரோ காதுகேளாதோரோ தாமே நடத்தும் ஓர் அமைப்புடன் குறைந்தது ஐந்தாண்டு உடன்பாடு வேண்டும். அங்கிருந்து வருபவருக்கு விருந்தினர் விரிவுரையாளருக்குரிய ஊதியமும் பயணச் செலவும் கல்லூரி தர வேண்டும். டீயும் பொன்னாடையும் போதாது. மனிதர் ஒருவரின் அரை நாளை, அவர் விடுப்பு எடுத்து வந்த அரை நாளை, மாணவரின் இன்டர்னல் மதிப்பெண்ணுக்காக இலவசமாக வாங்கிக்கொள்வது எந்த வடிவமைப்பு நெறியிலும் சேராது. சென்ற ஆண்டு மாணவர் கைவிட்ட மாதிரியையும் கைவிட்ட காரணத்தையும் அடுத்த ஆண்டு மாணவர் முதல் நாளிலேயே கையில் பெற வேண்டும்.

வைவா குழுவிலும் அந்த அமைப்பிலிருந்து ஒருவர் மதிப்பெண் போடும் உரிமையோடு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தயாரிப்பே மாறிவிடும். பார்வையற்ற தேர்வாளர் முன் இருபது ஸ்லைடு பவர்பாயிண்டால் ஒன்றும் ஆகாது. மாணவர் கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, விளக்கம் சொல்ல வரும் வாயை அடக்கிக்கொண்டு, அவர் அதை எந்தப் பக்கமாகத் திருப்புகிறார், பொத்தானை விரல் எங்கே தேடுகிறது என்று பார்த்தபடி நிற்க வேண்டியிருக்கும்.